"அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம் சிஸ்டர்?"

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஊட்டச்சத்துப் பாடத்தில் வைட்டமின் அட்டவணை, குறைபாட்டு நோய்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன், மார்க்கும் நன்றாகவே வருகிறது. ஆனால் போன வாரம் மெடிக்கல் வார்டு போஸ்டிங்கில், நிமோனியாவுக்குச் சேர்ந்திருந்த ஒரு பாட்டியின் மகள், "அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம் சிஸ்டர்? ஒண்ணுமே இறங்க மாட்டேங்குது" என்று கேட்டார். "புரோட்டீன் நிறைய கொடுங்க" என்றேன். "புரோட்டீன்னா?" என்றார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். ஒரு நர்ஸுக்கு உணவைப் பற்றி உண்மையில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று: ஹாஸ்டலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கே ஹீமோகுளோபின் 9.8 தான் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இருபத்திரண்டு வருடமாக மருத்துவமனைகளில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். நீங்கள் நின்ற அதே இடத்தில் அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸுகளும் தடுமாறிப் பார்த்திருக்கிறேன். பாடப் புத்தகத்தில் இருப்பது சத்தின் பெயர். வீட்டு அடுப்பில் இருப்பது இட்லியும் ரசமும் கஞ்சியும். ஒன்றை இன்னொன்றாக மாற்றிச் சொல்லும் பழக்கத்தை உங்களுக்கு இதுவரை யாரும் கற்றுத் தரவில்லை, அவ்வளவுதான். பாட்டியின் மகளான அந்த அக்கா தெரிந்துகொள்ள நினைத்தது, நாளைக் காலையில் டிபன் கேரியரில் எதைப் போட்டுக் கொண்டுவருவது என்பதை. அங்கிருந்தே தொடங்குவோம்.

பாட்டியின் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் (புரோட்டீன்தான்) என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. அந்தக் கணக்கில் பாட்டிக்கு 42 கிராம் வரும். ஆனால் வயதும் ஆகி, கிருமித்தொற்றும் இருக்கும்போது அது போதாது. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 60 முதல் 75 கிராம் வரை வேண்டியிருக்கும். சரி, உள்ளே என்ன போயிருக்கும்? காலையில் இரண்டு இட்லி, அதில் 4 கிராம். மதியம் சின்னக் கிண்ணத்தில் ரசம் சாதம், 3 கிராம். மாலையில் அரை டம்ளர் காபி, 2 கிராம். இரவு பாலில் நனைத்த இரண்டு துண்டு பிரெட், 8 கிராம். எல்லாம் சேர்த்து 17. மிச்சத்துக்கு உடம்பு தன் தசையைக் கரைத்துக்கொள்ளும். இருமிச் சளியை வெளியேற்றவும் மூச்சை இழுத்து விடவும் தசைதான் வேண்டும். நிமோனியா வந்த பாட்டிக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கைப் போட உங்களுக்கு ஏழெட்டு எண்கள் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 200 மில்லி பாலிலும் ஏறக்குறைய அதே 6. ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, 30 கிராம் இருக்கும், அதிலும் 6. அதே அளவு நிலக்கடலையில் 7 அல்லது 8. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8 அல்லது 9. ஒரு சின்னக் கிண்ணம் தயிரில் 3. இட்லி ஒன்றுக்கு 2. தெளிந்த ரசத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. கலோரிக்கு, மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு 9 என்பது உங்களுக்கே தெரியும். அந்த 9 என்ற எண்ணை வார்டில் பயன்படுத்துங்கள். நான்கு வாய்க்கு மேல் சாப்பிட முடியாதவருக்கு அந்த நான்கு வாயிலேயே ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால் 45 கலோரி கூடுதலாகப் போகும், வயிறும் அடைக்காது.

இனி அந்த அக்காவுக்கு நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய பதில் இது: "அக்கா, பொட்டுக்கடலையும் கொஞ்சம் அரிசியும் வறுத்துப் பொடிச்சு வச்சுக்கோங்க. ரெண்டு பெரிய ஸ்பூன் பொடியைப் பால்ல காய்ச்சி, ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொண்டுவாங்க. ஒரே தடவையா வேண்டாம். அரை டம்ளர், ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு அரை டம்ளர். மதியம் ரசம் சாதத்துல ஒரு முட்டையை நல்லா வேகவச்சு மசிச்சுப் போடுங்க. முட்டை சாப்பிட மாட்டாங்கன்னா பருப்பைக் கடைஞ்சு ஊத்துங்க." இதில் புரோட்டீன் என்ற சொல்லே வரவில்லை. பாட்டிக்குக் கிடைக்கும் புரதம் மட்டும் இரண்டு மடங்காகிவிடும். கஞ்சி கெட்டியாகி, விழுங்குவதில் வேறு சிக்கல் இல்லாதவருக்கும் சிரமமாக இருந்தால், முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூனைச் சூடு சற்றுத் தணிந்த கஞ்சியில் கலந்து கிளறச் சொல்லுங்கள். முளைத்த தானியத்தில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி இளகிவிடும், தண்ணீர் ஊற்றிச் சத்தைக் குறைக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு கொதி விட்டு இறக்கிவிடலாம்.

இதைச் சொல்லும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கேஸ் ஷீட்டில் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது ஒன்று. உணவு எது என்று முடிவு செய்வது மருத்துவரும் டயட்டீஷியனும்தான், அதை மீறி எதையும் சொல்லிவிடக் கூடாது. இரண்டாவது, பாட்டியால் சரியாக விழுங்க முடிகிறதா? நிமோனியா வந்த முதியவர்களில் சிலருக்கு உணவோ தண்ணீரோ நுரையீரல் பக்கம் போனதாலேயே நோய் வந்திருக்கும். நிமிர்த்தி உட்கார வையுங்கள். முதலில் ஒரு சின்ன ஸ்பூன். விழுங்கியதும் இருமுகிறாரா, பேசச் சொன்னால் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் நிறுத்திவிட்டு ஸ்டாஃபிடம் சொல்லுங்கள். படுத்த நிலையில் ஊட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், கூட இருப்பவர் அவசரப்படுத்தினாலும் கூட.

எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால், எந்த உணவில் எந்தச் சத்து என்பதைவிட முன்னால் வருவது, இந்த மனிதருக்குள் இன்று என்ன போயிற்று, போகாமல் தடுத்தது எது என்ற இரண்டும்தான். இதை நான் உங்களைப் போன்ற ஒரு மாணவியிடம்தான் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மூச்சுத்திணறலுக்காகச் சேர்ந்த ஒரு தாத்தாவின் சார்ட்டில் ஒவ்வொரு ஷிப்டிலும் 'நார்மல் டயட்' என்று எழுதியிருந்தது. நான் எழுதிக் கொடுத்த டயட்தான், தினமும் தட்டு போய்க்கொண்டும் இருந்தது. ஐந்தாம் நாள் ரவுண்ட்ஸ் போனபோது, அந்த வார்டில் போஸ்டிங்கில் இருந்த இரண்டாம் வருட மாணவி என்னைக் கூப்பிட்டு லாக்கரைத் திறந்து காட்டினாள். பிரிக்காத பிரெட் பாக்கெட்டுகள் மூன்று. மேலே ஆடை கட்டிக் காய்ந்துபோன ரவா கிச்சடி. தோலோடு இரண்டு வாழைப்பழம், கறுத்துப் போயிருந்தது. "மேடம், தாத்தா இட்லியை மென்னு சாப்பிடலை, அண்ணத்துல வச்சு நாக்கால அமுக்குறாரு. பல்செட் எங்கேன்னு கேட்டேன், கேசுவாலிட்டியில கழட்டி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாங்களாம்" என்றாள். வலது கையில் ஊசி போட்டுப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அவருக்கு வலது கைதான் பழக்கம். மூக்கில் ஆக்சிஜன், சாப்பிடும்போது மூச்சு வாங்கியது, இரண்டு வாயில் களைத்துவிடுவார். யாரும் அவரைப் பட்டினி போடவில்லை. ஆனால் ஐந்து நாளாக அவர் பட்டினிதான் கிடந்தார். பல்செட் வந்தது, ஊசியை இடது கைக்கு மாற்றினார்கள், உணவை மசித்து ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். அந்த மாணவி தன் டியூட்டி முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் மூச்சு சீராகும்வரை காத்திருந்து ஊட்டினாள். என் டயட் ஷீட்டில் எந்தத் தப்பும் இல்லை, அது அவர் வாய்க்குள் போகவே இல்லை என்பதை அன்று பார்த்தேன். அதற்குப் பிறகு தட்டு எப்படிப் போகிறது என்பதைவிட எப்படித் திரும்பி வருகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய செவிலியப் புத்தகத்தில் உணவுக்கு மட்டும் இரண்டு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். தொடாத உணவை, பிறகு சாப்பிடுவார் என்று அடுத்த வேளை வரை நோயாளியின் பக்கத்திலேயே விட்டுவைத்தால் அவர் ஒன்றுமே சாப்பிடாமல் போய்விடுவார் என்று அதில் எச்சரிக்கிறார். நூற்று அறுபது வருடம் கழித்தும் நம் லாக்கர்களைத் திறந்தால் அதேதான். அதனால் போஸ்டிங் போகும் நாட்களில் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, அவர் தட்டு திரும்பி வரும்போது முழுதும் காலியா, பாதியா, கால்வாசியா, தொடவே இல்லையா என்று எழுதிப் பழகுங்கள். 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டால் 'சாப்பிட்டேன்மா' என்றுதான் பதில் வரும். 'எத்தனை இட்லி?' என்று கேளுங்கள்.

அப்புறம், எடை. சேர்ந்த அன்று எடை பார்த்து எழுதுவது பல இடங்களில் விட்டுப்போகிறது. நிற்க முடியாதவராக இருந்தால் வீட்டாரிடம் விசாரியுங்கள்: ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டதா, மோதிரம் கழல்கிறதா, வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறதா? நம் மக்கள் கிலோ கணக்கு வைத்திருக்க மாட்டார்கள், இதற்கெல்லாம் துல்லியமாகப் பதில் சொல்வார்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல், ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தானாக எடை குறைந்திருந்தால் அது கவலைப்பட வேண்டிய குறைவு. 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 47-க்கு வந்துவிட்டால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நம் ஊரில் நீங்கள் தினமும் கேட்கப்போகும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர், தெம்பு வந்துடும்." அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) என்றால் 100 மில்லியில் 5 கிராம். 500 மில்லி பாட்டில் முழுவதும் ஏறினாலும் 25 கிராம்தான். பாட்டிலில் இருக்கும் டெக்ஸ்ட்ரோஸுக்குக் கிராமுக்கு 4 அல்ல, 3.4 கலோரிதான் கணக்கு. அதில் கிடைப்பது சுமார் 85 கலோரி, கிட்டத்தட்ட ஒன்றரை இட்லி. புரதம் துளியும் கிடையாது. நார்மல் சலைன் என்றால் அந்த ஒன்றரை இட்லியும் கிடையாது, வெறும் உப்புத் தண்ணீர். நீர்ச்சத்து குறைந்தவருக்கு டிரிப்ஸ் உயிர் காக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது சாப்பாடு ஆகாது. டிரிப்ஸ் ஏறுவதைப் பார்த்து 'சத்து போய்க்கிட்டிருக்கு, சாப்பிடலைன்னா பரவாயில்ல' என்று குடும்பமே நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். 'இந்த பாட்டில் முழுக்க ஒன்றரை இட்லிதான் அம்மா' என்று நீங்கள் சொன்னால் உடனே டம்ளரைத் தேடுவார்கள். நான் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சை வார்டில் இன்னொரு நம்பிக்கை காத்திருக்கும். 'பருப்பு, முட்டை, கறி சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும்.' வயிற்றில் தையல் போட்டவருக்குப் பத்து நாளும் பிரெட், இட்லி, மிளகு ரசம் என்றே ஓடும். சிசேரியன் ஆன பெண்ணுக்கும் இதே கதைதான், தாய்ப்பாலும் கொடுக்க வேண்டிய அவளுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். புண்ணை மூடும் புதுத் திசு புரதத்தால்தான் கட்டப்படுகிறது. சீழ் வைப்பது கிருமியால். இதைச் சொல்லும்போது சிரித்துவிடாதீர்கள், 'அதெல்லாம் மூடநம்பிக்கை' என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணின் மாமியார் பயப்படுவது சீழுக்கு. அந்தப் பயம் நியாயமானது. அவர் காலத்தில் சீழ் வைத்துச் செத்தவர்களைப் பார்த்திருப்பார். 'சீழ் வைக்காம இருக்கத்தான் மருந்து போடுறோம், கையைக் கழுவிட்டுத் தொடுறோம். தையல் சேரணும்னா பருப்பு வேணும். முதல்ல பாசிப்பருப்பைக் கொழையக் கடைஞ்சு கொடுங்க, ரெண்டு நாள் பார்ப்போம், நானே வந்து தையலைப் பார்த்துச் சொல்றேன்' என்று பேசுங்கள். பாசிப்பருப்புக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அது 'குளிர்ச்சி' கணக்கில் வருகிறது. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, கருவாடு என்று பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் கொடுக்கும் பலவும் நல்ல உணவுதான். சுறாவிலும் கருவாட்டிலும் புரதம் ஏராளம். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தியத்தில் எதை விடச் சொல்லலாம், எதைக் கூட்டச் சொல்லலாம் என்று தெரிந்துகொண்டால் அந்த வீட்டில் உங்கள் சொல் எடுபடும். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தடுப்பதை மட்டும் அன்றே பேசி நிறுத்துங்கள்.

மருந்தும் சாப்பாடும் மோதும் இடங்களில் நர்ஸ் ஒருவர்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறார். ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போடுவது. பன்னிரண்டரைக்கு ஊசி போட்டாயிற்று, சாப்பாட்டு வண்டி ஒன்றரைக்கு வருகிறது என்றால் என்ன ஆகும்? ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார். வயதானவர் என்றால் 'தூக்கத்துல உளர்றாரு' என்று விட்டுவிடுவார்கள். சுகர் 70-க்குக் கீழே இருந்து, நினைவும் இருந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறியதும் சாப்பாடு கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவரைக் கூப்பிட்டு நரம்பு வழியாகத்தான். ஆகவே ஊசியை எடுக்கும் முன், தட்டு எங்கே இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். இதே போல, ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருப்பவர்கள். மயக்க மருந்துக்கு முன் திட உணவு ஆறு மணி நேரமும் தெளிந்த தண்ணீர் இரண்டு மணி நேரமும் நிறுத்தினால் போதும் என்பது பொதுவான விதி. முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவரின் கேஸ் காலையிலிருந்து மதியம் மூன்று மணிக்குத் தள்ளிப்போனால், 'தண்ணீராவது கொடுக்கலாமா?' என்று மயக்க மருத்துவரிடம் கேட்பது உங்கள் வேலை. கேட்காவிட்டால் யாருக்கும் ஞாபகம் வராது.

பார்க்க வருகிறவர்கள் இளநீர் இல்லாமல் வர மாட்டார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அருமையான பானம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது ஆபத்து. ஒரு காயிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. 'உப்பைக் குறைக்கச் சொன்னாங்க, அதான் இதை வாங்கினோம்' என்று நல்ல மனதோடு செய்திருப்பார்கள். நெஃப்ராலஜி (சிறுநீரக நோய்) வார்டில் பை எதுவும் உள்ளே வந்தால் என்னவென்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கீரையே கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தினமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும், திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது, அதுதான் முக்கியம்.

வைட்டமின்களை அட்டவணையாகப் படித்தீர்கள், தேர்வுக்கு அது வேண்டும். ஒன்றை மட்டும் வார்டோடு சேர்த்துப் படியுங்கள்: தயமின், அதாவது வைட்டமின் பி1. 1918-இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைக் கால் வீங்கவும் மரத்துப்போகவும் செய்த நோய் அது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, அதனால் புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. அந்த அறைதான் வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மேலே நான் சொன்ன 0.83 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். நம் மலை ஊரிலிருந்து தொடங்கிய கதை என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

பெரிபெரி போய்விட்டது, தயமின் குறைபாடு போகவில்லை. பல வருடம் குடித்துவிட்டு, பத்து நாளாக ஒன்றும் சாப்பிடாமல் வரும் நோயாளியிடம் இன்றும் அது இருக்கிறது. உடல் குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். இருக்கும் கொஞ்சத்தையும் குளுக்கோஸ் பாட்டில் தீர்த்துவிட்டால் மூளை பாதிக்கும்: குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடை தள்ளாட்டம். அதனால்தான் தயமின் ஊசியை முன்னால் போடுகிறார்கள். சார்ட்டில் அது இல்லாமல் டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் எழுதியிருந்தால், 'தயமின் கொடுத்தாச்சா சார்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த எவருக்கும் முதல் நாளே வயிறு நிறையக் கொடுப்பதும் ஆபத்துதான். பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் ரத்தத்தில் சடசடவென்று இறங்கும். கொஞ்சமாகத் தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே கூட்ட வேண்டும். வீட்டார் பாசத்தோடு பிரியாணியை நீட்டும்போது இதை விளக்க வேண்டியவர் நீங்கள்தான்.

டியூப் வழி உணவைப் பற்றி உங்கள் ஆசிரியர்கள் விரிவாகவே சொல்லித் தருவார்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துவது, டியூப் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது, முன்னும் பின்னும் தண்ணீர் விடுவது, ஊட்டியபின் அரை மணி நேரமாவது படுக்க விடாமல் இருப்பது. நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது, அந்த 200 மில்லியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். டியூப் அடைத்துக்கொள்ளக் கூடாதே என்று தண்ணீராக வடிகட்டிய கஞ்சி என்றால் அதில் நூறு கலோரிகூட வராது. உள்ளே போனது, வெளியே வந்தது எழுதும் ஐ.ஓ. சார்ட்டில் '200' என்று நாள் முழுக்க அழகாக ஏறியிருக்கும், நோயாளி மட்டும் இளைத்துக்கொண்டே போவார். பார்த்தால் எங்களைக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் 9.8. இதை நீங்கள் கடைசி வரியில் எழுதினீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை, 11-க்குக் கீழே போனால் நடுத்தர அளவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது, ஆகவே உங்கள் ஹாஸ்டலில் நீங்கள் தனியாக இல்லை. ஆனால் பலருக்கு இருப்பதால் சாதாரணம் ஆகிவிடாது. படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குவதும், மதிய வகுப்பில் கண் சொருகுவதும் சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இந்த வாரமே கல்லூரி மருத்துவமனையில் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், குடற்புழு மருந்து கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 9.8-ஐ உணவால் மட்டும் ஏற்ற முடியாது, இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படும். அதை டீ, காபியோடு போடாதீர்கள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு நேரத்துக்கு வையுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் மாத்திரையை நிறுத்திவிடாமல், இரவு சாப்பிட்டபின் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் 12 தொட்டதும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்வது. உடலின் சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் மூன்று மாதம்போலத் தொடர வேண்டியிருக்கும், எவ்வளவு நாள் என்பதை மருத்துவர் சொல்வார்.

சாப்பாட்டில், உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது அதே 2020 பரிந்துரை. ஆணுக்கு 19 தான். நம் வீட்டில் உடனே பீட்ரூட்டும் மாதுளையும் வாங்குவார்கள். நிறம்தான் சிவப்பு, 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இராது. அந்தக் காசுக்கு வேறு வாங்கலாம். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால், ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) சமைக்கச் சொல்லுங்கள். 'ரத்தம் ஊறும்' என்று பெரியவர்கள் சொன்னதில் இது முழுக்கச் சரி, அதிலிருக்கும் இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். ஹாஸ்டலில் கீரையோ சுண்டலோ போடும் நாளில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் சாப்பிட்டு முடித்ததும் ஒரு கொய்யா அல்லது ஒரு நெல்லிக்காய். வைட்டமின் சி கூட இருந்தால் கீரையின் இரும்பை உடம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பெட்டியில் ஒரு டப்பா பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் எப்போதும் இருக்கட்டும். காலை ஏழு மணி போஸ்டிங்குக்கு வெறும் வயிற்றோடு ஓடாதீர்கள். மெஸ் திறக்கவில்லை என்றால் இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி கடலையும் போதும், பஸ்ஸிலேயே சாப்பிட்டுவிடலாம்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அந்த எண் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். பாட்டி இன்னும் வார்டில் இருந்தால், கஞ்சி எத்தனை டம்ளர் இறங்கியது என்பதையும்.

அன்புடன்,
உங்கள் டயட்டீஷியன் அக்கா